குறைந்த விலை, பெரிய பெயர்: மாநிலங்களின் பிரபல பீர்கள் புகழுக்கு ஏற்றவைதானா?

புதுதில்லி: சிக்கிமுக்குச் சுற்றுலா சென்று திரும்புவோர் 'டான்ஸ்பெர்க்' பீரின் சுவையை வியந்து பேசுவதுண்டு. கோவா என்றால் 'கிங்ஸ்', கொல்கத்தா என்றால் 'கல்யாணி பிளாக் லேபிள்', ஜம்மு என்றால் 'காட்ஃபாதர்' என ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் உண்டு. விலை குறைவு, சுவை தனி, தண்ணீர் சிறப்பு என்பவை இவற்றைப் பற்றிப் பொதுவாகக் கூறப்படும் பெருமைகள். இவற்றில் எவ்வளவு உண்மை என்பதைத் தயாரிப்பு முறை, சட்டம், சந்தை ஆகியவற்றைக் கொண்டு ஆராயலாம்.

விலையை நிர்ணயிப்பது எது?

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மதுபானம் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மனிதர் அருந்தும் மது சரக்கு மற்றும் சேவை வரியின் வரம்புக்குள் வராது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே கலால் வரி விதிக்கிறது. பீர் மாநில எல்லையைக் கடக்கும்போது கூடுதல் கட்டணங்களும் சேர்கின்றன. கனமான கண்ணாடிப் புட்டியில் பெரும்பகுதி தண்ணீரையே கொண்ட ஒரு பொருளைத் தொலைதூரம் ஏற்றிச் செல்வதும் செலவுமிக்கது. எனவே விற்கும் மாநிலத்திலேயே தயாரிப்பது நிறுவனங்களுக்கு ஆதாயமாகிறது.

வரி குறைந்த கோவாவில் மலிவாகக் கிடைக்கும் அதே பீர், அண்டை மாநிலங்களில் கணிசமாக விலை கூடுவதற்கு இதுவே காரணம். மலிவு என்பது தரக்குறைவின் அடையாளமும் அன்று; அதிக விலை தரத்துக்குச் சான்றும் அன்று.

எது உண்மையில் உள்ளூர் பீர்?

இந்தி நடிகர் டேனி டென்சோங்பா 1987-ஆம் ஆண்டில் சிக்கிமின் மெல்லி பகுதியில் தொடங்கிய யுக்சம் மதுவடி ஆலை, அப்பகுதியில் வேரூன்றிய நிறுவனம். 'காட்ஃபாதர்' பீரைத் தயாரிக்கும் தேவன்ஸ் நிறுவனமும் ஜம்முவில் தோன்றியதே.

ஆனால் எல்லாப் பெயர்களும் அப்படிப்பட்டவை அல்ல. மேற்கு வங்கத்தின் நாடியா மாவட்டத்திலுள்ள கல்யாணி நகரின் பெயரைத் தாங்கிய பீர், யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அந்நிறுவனம் 2021-இல் நெதர்லாந்தின் ஹைனகென் குழுமத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 'ஹேவர்ட்ஸ் 5000' ஷா வாலஸ் நிறுவனத்திடமிருந்து எஸ்ஏபிமில்லர் வசமாகி, 2016-இல் ஏபி இன்பெவ் குழுமத்தைச் சேர்ந்தது.

சந்தையில் போட்டி குறைவு என்பதையும் கவனிக்க வேண்டும். 2009 முதல் 2018 வரை பல மாநிலங்களில் பீர் விலையை நிறுவனங்கள் தமக்குள் பேசி முடிவு செய்ததாகக் கண்டறிந்த இந்தியப் போட்டி ஆணையம், 2021 செப்டம்பரில் யுனைடெட் புரூவரீஸ், கார்ல்ஸ்பெர்க் இந்தியா உள்ளிட்டோருக்கு மொத்தம் சுமார் 873 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தகவல் அளித்து ஒத்துழைத்த ஏபி இன்பெவ் நிறுவனத்துக்கு அபராதத்திலிருந்து முழு விலக்கு கிடைத்தது. இந்த உத்தரவை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 டிசம்பரில் உறுதி செய்தது. அதன்பின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 'மக்கள் விரும்பும் பீர்' எனப்படுவது, சில வேளைகளில், கடையில் கிடைக்கும் சில பெயர்களுள் ஒன்று மட்டுமே.

சுவையில் வேறுபாடு உண்டா?

இந்தப் பீர்களில் மிகப் பெரும்பாலானவை 'லாகர்' வகையைச் சேர்ந்தவை. பார்லி மால்ட்டுடன் அரிசி, மக்காச்சோளம் அல்லது சர்க்கரையைச் சேர்ப்பது வழக்கம். இது செலவைக் குறைக்கும். பீரை இலகுவாகவும் ஆக்கும். மூலப்பொருளும் முறையும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், மிகக் குளிரவைத்துப் பரிமாறும்போது சுவை வேறுபாடு மேலும் மங்கிவிடும்.

மலை ஊற்று நீரின் பெருமையும் ஓரளவுக்கே பொருந்தும். நீரிலுள்ள தாதுக்கள் சுவையைப் பாதிப்பது உண்மை. ஆயினும் இன்றைய ஆலைகள் நீரைச் சுத்திகரித்து, தேவையான உப்புகளைச் சேர்த்துக்கொள்ள முடியும்.

உள்ளூர் பீருக்கு உண்மையான சாதகம் ஒன்று உண்டு. அது புதுமை. வெப்பம் பீரை விரைவில் பழசாக்கும். வெளிச்சம் ஹாப்ஸின் சேர்மங்களைச் சிதைத்துக் கெட்ட வாடையை உண்டாக்கும். அருகிலுள்ள ஆலையிலிருந்து சில வாரங்களில் கடைக்கு வந்த பீர், பல மாதங்கள் கிடங்கில் கிடந்த விலையுயர்ந்த பீரைவிட நன்றாக இருப்பதில் வியப்பில்லை. ஊருக்குக் கொண்டுவந்த புட்டியில் அந்தச் சுவை கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளிசரின் கதை

இந்திய பீரில் கெடாமல் இருக்கக் கிளிசரின் கலக்கப்படுகிறது என்றும், தண்ணீர் நிறைந்த குவளையில் புட்டியைக் கவிழ்த்தால் அது வெளியேறிவிடும் என்றும் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. பீர் நொதிக்கும்போது ஈஸ்ட் தானாகவே சிறிதளவு கிளிசரினை உண்டாக்குகிறது. எந்த நாட்டுப் பீரிலும் அது இருக்கும். கவிழ்த்த புட்டியிலிருந்து இறங்குவதாகத் தெரிவது தண்ணீரைவிட அடர்த்தி மிகுந்த பீரே.

கவனிக்க வேண்டிய எண்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் விதிகள் 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் கொண்டது 'ஸ்ட்ராங்' பீர். நாட்டில் விற்பனையாகும் பீரில் பெரும்பகுதி இவ்வகையே.

8 சதவீதப் பீர் 650 மில்லி புட்டி ஒன்றில் 52 மில்லி தூய ஆல்கஹால் உள்ளது. 42.8 சதவீத விஸ்கியை 30 மில்லி அளவில் நான்கு முறை அருந்துவதற்கு இது சமம். 'பீர்தானே' என்று ஒரு புட்டியை முடித்துவிட்டு வாகனத்தை எடுப்பவர், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்பை எளிதில் தாண்டிவிடக்கூடும். முதல் முறை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

தீர்ப்பு என்ன?

மலிவான பிரபல பீர்களின் புகழில் விலையும் புதுமையும் மெய். தனிச்சுவை, ஊற்று நீர் ஆகியவை பெரும்பாலும் நினைவும் விளம்பரமும் கலந்தவை. பெயரைவிட, புட்டியின் மீதுள்ள தயாரிப்புத் தேதி, தயாரான இடம், ஆல்கஹால் சதவீதம் ஆகிய மூன்றுமே நம்பத்தக்க தகவல்கள்.

எனினும், மது அருந்துவதில் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெரிவித்துள்ளது. விலை குறைந்த பீருக்கும் விலை உயர்ந்த பீருக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தும்.