மெருகேற்றிய கைத்துவக்குக்கு என்ன விலை?

வன்னிப் பெருநிலத்திலே காட்டோரத்தில் வயல் செய்து வாழ்ந்த குடும்பங்களுக்கு இடியன் துவக்கு புதுமையான பொருளன்று. குழலின் வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டு, தண்டினால் இடித்து இறுக்கிச் சுடுவதால் அதற்கு அப்பெயர் வந்தது. பயிரை அழிக்கும் பன்றிக்கும் குரங்குக்கும் அஞ்சி, அனுமதிப்பத்திரத்துடன் அதனை வீட்டு மூலையிலே வைத்திருந்தனர். அத்தகைய துவக்கு ஒன்று கைமாறும்போது, விபரமறிந்த பெரியவர் அதன் பளபளப்பைப் பார்ப்பதில்லை. மருந்து எரியும் அடிக்குழலைத் தடவிப் பார்ப்பார், குழலும் மரமும் கூடுமிடத்தில் விரலை ஓட்டுவார், புதிதாக எண்ணெய் பூசி மினுக்கியிருந்தால், “தம்பி, இதை ஏன் மினுக்கினீர்?” என்றே முதலிற் கேட்பார். அந்த ஒரு கேள்வியே இக்கட்டுரையின் பொருளாகும்.

ஏனெனில், பழைய போர்க்கருவிகளைச் சேர்த்து வைப்போர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் உளர். அங்கே வாழும் நம்மவர் இளைஞர் ஒருவரிடம், “இது 1803இல் பண்டார வன்னியன் போரிட்ட கச்சிலைமடுவில் அகப்பட்ட ஆங்கிலேயக் கைத்துவக்கு, நன்றாகப் புதுப்பித்திருக்கிறேன்” என்று ஒரு வணிகர் நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இளைஞரின் நெஞ்சு படபடக்கும்; கையும் பணப்பையை நாடும். நியாயமான விலை என்ன?

விலைக்கு முன் வரலாற்றைப் பார்ப்போம். 1803 ஆகஸ்ட் மாதத்தில் பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். அங்கு காவலிருந்த கப்டன் வொன் டிரிபேர்க் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பிச் சென்றார். ஆங்கிலேயர் பின்பு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்னும் மூன்று திசைகளிலிருந்தும் படை நடத்தினர். அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள், ஒட்டுசுட்டானை அடுத்த கச்சிலைமடுவில் அதே டிரிபேர்க் வன்னியனைத் தோற்கடித்ததாகப் பிற்காலத்தில் அங்கே கல்லொன்று நாட்டப்பட்டது. ஆக, வணிகர் சொல்லும் இடமும் ஆண்டும் கற்பனையல்ல. ஆனால் போர் நடந்தது உண்மை என்பதனால் துவக்கும் உண்மையாகிவிடாது.

இனி அந்தத் துவக்கைக் கையில் எடுப்போம். அக்காலத்துக் கைத்துவக்கு தீக்கல்லினால் வெடிப்பது. சேவலின் வாயிலே கவ்விய கல், எஃகுத் தகட்டில் மோதிப் பொறியை எழுப்பும். பொறி பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்து மருந்தில் விழும். அந்தத் தீ குழலிலுள்ள நுண்துளை வழியே உட்புகும். இதற்குப் பதிலாக, அடித்தால் வெடிக்கும் இரசாயனத்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் உரிமைப்பத்திரம் பெற்றவர் போர்சைத் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார். கிண்ணத்து மின்னலைக் கண்டு காட்டு வாத்துகள் முன்னரே பறந்து போயினவாம். வேட்டைப் பிரியரான பாதிரியாருக்கு அது பொறுக்கவில்லை! அவர் வழியில் வளர்ந்த செம்புத் தொப்பி முறையை ஆங்கிலேயப் படை 1840ஆம் ஆண்டையொட்டியே ஏற்றுக்கொண்டது. ஆகவே, செம்புத் தொப்பி மாட்டும் முலையுடன் வரும் துவக்கு கச்சிலைமடுவில் அவ்வடிவில் இருந்திருக்க முடியாது.

பூட்டுத் தகட்டு முத்திரையும் வாய் திறந்து பேசும். மன்னரின் படைக்குரிய கருவிகளில் கிரீடமும் மன்னர் பெயரின் முதலெழுத்துகளும் காணப்படும். கிழக்கிந்தியக் கும்பனியின் கருவிகளில் முதலில் இதய வடிவக் குறியும், 1808 முதல் நிமிர்ந்து நிற்கும் சிங்கமும் பொறிக்கப்பட்டன. சிங்கம் பொறித்த கைத்துவக்கைக் காட்டி “1803” என்பவர் ஐந்தாண்டுகள் பிழைத்துப் பேசுகின்றார் என அறிக. அவர் வஞ்சகர் என்று நாம் கூறவில்லை. தமக்கு விற்றவர் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லியிருக்கலாம்.

இப்போது “புதுப்பித்தல்” என்னும் சொல்லுக்கு வருவோம். 1840ஆம் ஆண்டுகளையொட்டிப் பல தீக்கல் துவக்குகளைத் தொப்பித் துவக்குகளாக மாற்றினார்கள். கிண்ணத்தையும் எஃகுத் தகட்டையும் கழற்றி, நுண்துளை இருந்த இடத்தில் முலையைப் பொருத்தினார்கள். இது காலம் செய்த மாற்றம், இதில் களவில்லை. நூறாண்டுக்கும் மேலாகக் கழிந்தபின், தீக்கல் துவக்குக்கு விலை அதிகம் என்று கண்ட சிலர், மாற்றியவற்றை மீண்டும் தீக்கல்லுக்கு மாற்றத் தொடங்கினர். சேவல் புதிது, கிண்ணம் புதிது, தகடு புதிது. துளையும் அடைத்துப் புதிதாகத் துளைக்கப்பட்டது. இதைக் கண்டறிய வழி உண்டு. பலமுறை சுட்ட தீக்கல் துவக்கில், துளையைச் சுற்றிய இரும்பை மருந்துத் தீ அரித்துச் சொரசொரப்பாக்கியிருக்கும். அவ்விடம் மட்டும் வழவழப்பாக இருந்தால் ஐயம் கொள்ளலாம். பழைய ஆணித்துளைகளை உலோகத்தால் அடைத்த வட்டங்கள் சரிந்த வெளிச்சத்திலே தென்படும். சேவலின் நிறமும் பூட்டுத் தகட்டின் நிறமும் ஒவ்வாதிருக்கும்.

மெருகு தரும் கேடும் சிறிதன்று. சுழலும் தேய்ப்புச் சக்கரத்திற் பிடித்த துவக்கின் கூர் விளிம்புகள் மழுங்கிவிடும். முத்திரை எழுத்துகள் ஆழம் குன்றும். ஆணித்துளைகளின் வாய் குழிந்து அகலும். அதன்மேல் எத்துணை அழகாக நீலக்கருப்பு ஏற்றினாலும் போன எழுத்து திரும்பி வராது. பழைய நாணயத்தைச் சாம்பலும் புளியும் இட்டு விளக்கிய கதைதான்.

ஆயினும் எல்லாப் புதுப்பித்தலையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. 1939 முதல் 1945 வரை நடந்த உலக யுத்தத்தில் ஜேர்மானியரிடமிருந்து சோவியத் படை கைப்பற்றிய லூகர், வால்தர் பி-38 ஆகிய கைத்துவக்குகள் பின்னர் சோவியத் ஆயுதசாலைகளில் புதுப்பித்து வைக்கப்பட்டன. ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் ஏறியது. பழைய மெருகின்மேல் புது மெருகு ஏற்றப்பட்டது. இலக்கங்கள் பொருந்துமாறு திருத்தப்பட்டன. பலவற்றில் பெருக்கற்குறி போன்ற அடையாளம் இடப்பட்டது. இலக்கங்களெல்லாம் பிறப்பிலேயே ஒத்து, மெருகும் குலையாத வால்தருக்குக் கிடைக்கும் விலை இவற்றுக்குக் கிடைப்பதில்லை. எனினும் அந்தக் குறி ஒரு படை தன் தேவைக்குச் செய்த வேலையின் சான்று. அதனை அப்படியே சொல்லி விற்பவர் நேர்மையானவர்; அக்குறியைத் தேய்த்துவிட்டு விற்பவரிடம் நாம் தேநீர்கூட அருந்தமாட்டோம்.

சேகரிப்போர் நடுவே பொதுவாக வழங்கும் கணக்கு இது: கைபடாத ஒன்று நூறு பெறுமாயின், பிற்காலத்தில் மெருகு மாற்றியதோ மீண்டும் தீக்கல்லுக்குத் திருப்பியதோ ஐம்பதை எட்டுவதே அரிது. புதுப்பித்தவர் தம் கூலியை விலையோடு கூட்டிச் சொல்வார். வீட்டுக்கு ஓடு மாற்றினால் அச்செலவை விலையோடு கூட்டலாம். பழம்பொருளுக்கு அது செல்லாது. பெரும்பாலும் அக்கூலி கழிக்கப்பட வேண்டிய தொகையே.

எஞ்சியிருப்பது கதையின் விலை. இதற்கு இரு செய்திகளைச் சொல்லுவோம். 1928 டிசம்பரில் லாகூரில் சாண்டர்ஸ் என்னும் பொலிஸ் அதிகாரியைப் பகத்சிங் சுட்ட ·32 கோல்ட் கைத்துப்பாக்கி, பல்லாண்டுகள் இந்தூரிலுள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் காட்சிசாலையில் இன்னதென்று அறியப்படாமலே கிடந்தது. பாதுகாப்புக்காக அதன்மேல் கருஞ்சாயம் பூசியிருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அச்சாயத்தைச் சுரண்டியபோது 168896 என்ற இலக்கம் வெளிப்பட்டது. வழக்குப் பதிவேட்டிலிருந்த இலக்கமும் அதுவே. ஒரு பூச்சு வரலாற்றையே மூடியிருந்தது. ஆறு எண்களும் ஒரு பழைய காகிதமும் அதை மீட்டன.

மற்றது பிரான்சிலே. ஓவியர் வான்கோ தம்மைச் சுட்டுக்கொண்டது இதனால் என்று கருதப்படும் சுழல் துப்பாக்கியை, ஓவேர் என்னும் ஊரின் வயலில் 1960களில் உழவர் ஒருவர் கண்டெடுத்தார். 2019இல் பாரிஸ் ஏலத்தில், கட்டணங்கள் உட்பட 1,62,500 யூரோவுக்கு அது விலைபோயிற்று. அது துருவேறி, பிடி உதிர்ந்து, சுடவே முடியாத நிலையில் இருந்தது. அதை யாராவது அன்புடன் மெருகேற்றியிருந்தால் மண்ணில் கிடந்த காலமும் கூடவே அழிந்திருக்கும்.

வான்கோவின் வயலைப் பற்றிப் பேசும்போது, நம் வன்னி வயல்களை மறக்க முடியாது. இங்கு மண்வெட்டியில் தட்டுப்படும் இரும்பு 1803ஐச் சேர்ந்ததாக இருப்பது மிக அரிது. 2009இல் முடிந்த யுத்தத்தின் எச்சமாக இருப்பதே இயல்பு. வெடிக்காத குண்டு எது, வெறும் இரும்பு எது என்று கண்ணால் தீர்மானிக்க முடியாது. மாணவர்கள் அதனைத் தொடவோ, கழுவவோ, கல்லில் தட்டிப் பார்க்கவோ கூடாது. அடையாளம் வைத்து விலகி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரமின்றிச் சுடுகலன் வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். வெளிநாட்டு ஏலச் செய்தியைப் படித்துவிட்டு இங்கே இரும்பு தேடப் புறப்படும் பிள்ளை இழக்கக்கூடியது கைவிரல் மட்டுமன்று.

உண்மையாகவே 1803ஆம் ஆண்டுத் துவக்கொன்று மண்ணிலிருந்து வந்தால் என்ன? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம், 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் என்கிறது. கச்சிலைமடுப் போர் அந்நாளுக்குப் பதினோர் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. நிலம் தம்முடையது என்பதால் மட்டும் ஒருவர் அப்பொருளைத் தம்முடையதாக்கிக்கொள்ள முடியாது. அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லவும் முடியாது.

இப்பொழுது நம் இளைஞரின் வணிகர் இக்கட்டில் இருக்கிறார். துவக்கு கச்சிலைமடு மண்ணிலிருந்து அண்மைக் காலத்தில் வந்தது என்றால், அதை விற்கும் உரிமை தமக்கு எப்படிக் கிடைத்தது என்று அவர் காட்ட வேண்டும். வெகு காலத்துக்கு முன்பே இங்கிலாந்துக்குப் போனது என்றால், யார் கொண்டுபோனார், எந்தக் குடும்பத்தில் இருந்தது, எந்தப் பட்டியலில் எழுதப்பட்டது என்னும் காகிதம் வேண்டும். இரண்டும் இல்லையெனில் கதைக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. மிஞ்சுவது, மீண்டும் தீக்கல்லுக்கு மாற்றி மெருகேற்றிய, ஊர் பெயர் தெரியாத ஆங்கிலேயப் படைக் கைத்துவக்கு ஒன்று. அதே வகையில் கைபடாத ஒன்று ஏலத்தில் என்ன விலைக்குப் போயிற்று என்று இளைஞர் முதலில் அறியட்டும்; அதிற் பாதிக்கும் குறைவாக ஒரு தொகையைச் சொல்லட்டும். வணிகர் சினந்து துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாரானால், பூட்டட்டும்.