மெஷினுக்குச் சிக்காத கழிவு

முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் டவுனுக்கு வேலைக்குப் போய்வரும் டயாலிசிஸ் டெக்னீஷியன் நான். திங்கட்கிழமை ஷிஃப்ட் என்றாலே கொஞ்சம் உதறல். வெள்ளிக்கிழமை போனவர்கள் அன்றுதான் திரும்ப வருவார்கள். சனி, ஞாயிறு விசேஷமெல்லாம் எடை மெஷினில் தெரிந்துவிடும்.

“இளநீர் குடிச்சீங்களாண்ணே?”

“வெயிலு தாங்கல தம்பி, ஒரு முழுங்குதான்” என்பார் பட்டுத்தறி அண்ணன்.

இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் செயலிழந்தவர் உடம்பில் அது தேங்கினால் இதயத்துடிப்பே நின்றுபோகலாம். ஆனாலும் பொட்டாசியத்தையும் யூரியாவையும் மெஷின் நன்றாகவே வடிகட்டும். ஒரு சிட்டிங்கில் யூரியா குறைந்தது 65 சதவீதம் இறங்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

மெஷினுக்குச் சரியாகச் சிக்காத கழிவும் உண்டு. பருப்பு, முட்டை, கறி எதைச் சாப்பிட்டாலும் புரதத்தில் டிரிப்டோபான் இருக்கும். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் மிச்சத்தை அங்குள்ள பாக்டீரியா இண்டோலாக மாற்றுகிறது. கல்லீரல் அதை இண்டாக்சில் சல்பேட் ஆக்கி ரத்தத்தில் விடுகிறது. ரத்தக்குழாய்களைக் கெடுக்கும் சரக்கு இது. 90 சதவீதத்துக்கு மேல் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் ஃபில்டர் துளைக்குள் நுழையாது. பட்டில் ஏறிய சாயம் அலசினால் போகுமா? நாலு மணி நேரம் ஓட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே பெரிது.

“அப்போ பருப்பையே விட்டுடறேன்” என்றார் அண்ணன். வேண்டவே வேண்டாம். டயாலிசிஸிலேயே அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தினமும் புரதம் தேவை. வெறும் ரசம் சாதத்தில் நாளை ஓட்டி இளைத்துப்போனவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகக் கவலை.

கவனிக்க வேண்டியது மலச்சிக்கலை. கீரை, பழம், தண்ணீர் மூன்றுக்கும் கட்டுப்பாடு. போதாததற்கு பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை. குடலில் தேங்கத் தேங்க பாக்டீரியாவுக்கு வேலை கூடும். மலச்சிக்கல் இருப்பதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள், நான் கேட்டால்கூட. காய்களைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் குறையும், நார்ச்சத்து பெரும்பாலும் தங்கும்.

நட்சத்திரப் பழத்தை மட்டும் தொடவே கூடாது. அதிலுள்ள காரம்பாக்சின் என்ற நச்சை 2013இல் பிரேசில் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். வாங்குமுன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். புரியாவிட்டால் அடுத்த டயாலிசிஸுக்குக் கையோடு கொண்டுவந்து எங்களிடம் காட்டுங்கள்.