கட்டியின் குணத்தைச் சொல்லும் ஜீன்

ஓசூர் ரோட்டில் 1973-ல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நம் தமிழ்த் தாய்மார்கள் பலர் வருகிறார்கள். ரெயில் டிக்கெட் கவுண்டரில் சலுகை சர்டிபிகேட்டை நீட்டும்போது அவர்களைப் பார்க்கிறேன்.

தர்மபுரிப் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டார்:

"எனக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் மார்பில் ஒரே அளவு கட்டிதான், தம்பி. அவளுக்கு மாத்திரை. எனக்கு மட்டும் மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, ஒரு வருஷம்! பாதியில் நிறுத்திவிடலாமா?"

அவர் காட்டிய ரிப்போர்ட்டில் 'ஹெர்-2, மூன்று பிளஸ்' என்று இருந்தது. பதில் அதில்தான் இருக்கிறது.

பெருகும் ஜீன்

'ஹெர்-2' என்பது செல் வளர உத்தரவு கொடுக்கும் ஜீன். சாதாரண செல்லில் இதன் பிரதிகள் இரண்டுதான். சில கட்டிகளில் இது பல மடங்கு பெருகிவிடுகிறது. அப்படிப்பட்ட கட்டி வேகமாக வளர்ந்து பரவும்.

1987-ல் அமெரிக்க டாக்டர் டென்னிஸ் ஸ்லேமன் குழுவினர் 189 கட்டிகளை ஆராய்ந்து இதை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோயில் 100-க்கு 15 முதல் 20 வரை இந்த வகை.

இது கட்டிக்குள் மட்டும் உண்டாகும் கோளாறு. தாயிடமிருந்து மகளுக்கு வருவதல்ல. பரம்பரையாக வரும் 'பி.ஆர்.சி.ஏ.' ஜீன் கோளாறு வேறு.

பெங்களூர் மருந்து

நோயின் வேகத்தைக் காட்டிய அடையாளமே மருந்துக்கும் வழிகாட்டியது. ஹெர்-2-வைக் குறிவைத்துத் தடுக்கும் 'டிராஸ்டுசுமாப்' ஊசிக்கு 1998-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. விலையோ எட்டாத உயரம். 2014-ல் நம் பெங்களூர் பயோகான் கம்பெனி இதே வகை மருந்தை 'கான்மாப்' என்ற பெயரில் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. 2017-ல் பயோகான்-மைலான் கூட்டுத் தயாரிப்புக்கு அமெரிக்காவும் அனுமதி கொடுத்தது.

கேளுங்கள்

ஊசி குத்திச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று சிலர் ஓடி ஒளிகிறார்கள். அது வீண் பயம். அந்தத் துணுக்கைப் பரிசோதித்தால்தான் கட்டியின் குணம் தெரியும். ஹார்மோனால் வளரும் கட்டியா, ஹெர்-2 கட்டியா என்று டாக்டரிடம் கேளுங்கள். 'இரண்டு பிளஸ்' என்று வந்தால் 'ஃபிஷ்' என்னும் ஜீன் பரிசோதனையும் தேவை.

ஆகவே அந்த அம்மாவுக்கு ஊசி அதிகம் என்றால், நம்பிக்கை போய்விட்டது என்று அர்த்தமல்ல. அவருடைய கட்டிக்கு ஏற்ற மருந்து கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

ரெயில் செலவுக்கும் அஞ்ச வேண்டாம். ஆஸ்பத்திரி சர்டிபிகேட் இருந்தால், சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் 100 சதவிகிதமும், துணைக்கு வருபவருக்கு 75 சதவிகிதமும் கட்டணச் சலுகை உண்டு.