கல்லறையில் கிடைத்த மகன்



பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே பேழையில் வைத்து நதியில் விட்ட ஓர் அன்னையின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். நபி மூஸா (அலை) அவர்களின் தாயாரைத்தான் குறிப்பிடுகிறோம். அந்த அன்னையின் உள்ளம் வெறுமையாகிப் போனதைத் திருக்குர்ஆனின் 28-ஆம் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. பேழை போகும் திசையைக் கண்காணித்துவர அவர் தம் மகளை அனுப்பினார். குழந்தையோ வேறெந்தச் செவிலித்தாயிடமும் பால் அருந்தவில்லை. இறுதியில் பெற்றவளின் மடிக்கே திரும்பி வந்தது. தாயின் கண் குளிர வேண்டும், அவள் துயருறக் கூடாது என்பதற்காகவே பிள்ளையை மீட்டுக் கொடுத்ததாக இறைவன் அங்கே அறிவிக்கிறான்.

தாயின் கண்ணீருக்கு இறைவன் தந்த மதிப்பு அது. மனிதர்கள் தந்த மதிப்பு என்ன? ஃபிர்அவ்னின் காலத்தில் அன்று, சென்ற நூற்றாண்டில், சட்டமும் நீதிமன்றமும் உள்ள அயர்லாந்து நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி அதற்கு விடை கூறுகிறது.

கையொப்பம் இட்ட கை

ஃபிலோமினா லீ 1933-இல் அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தில் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்தார். கன்னியர் மடத்துப் பள்ளியில் வளர்ந்தார். பதினெட்டு வயதில் வெளியுலகுக்கு வந்த அவருக்கு, வாழ்க்கையைப் பற்றி எவரும் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒரு சந்தையில் சந்தித்த இளைஞனோடு ஏற்பட்ட பழக்கத்தால், மணமாகாமலே கருவுற்றார். குடும்பம் அவரை மறைத்தது. ராஸ்கிரே என்னும் ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்திவந்த ஷான் ராஸ் மடத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். மணமாகாத தாய்மாரையும் அவர்களது குழந்தைகளையும் ஊர்க் கண்ணிலிருந்து மறைத்து வைக்கும் இல்லம் அது.

1952-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் அங்கே அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆன்டனி என்று பெயரிட்டார். அதன்பின் மூன்றாண்டுகளுக்கு மேல் அந்த மடத்துச் சலவைக் கூடத்தில் துணி வெளுத்தார். நாளின் உழைப்பு முடிந்தபின் பிள்ளையோடு இருக்கக் கிடைத்த சிறிது நேரமே அவருக்கு வாழ்வாக இருந்தது.

1955-இல் ஒரு தாளில் அவர் கையொப்பம் இட்டார். பிள்ளையின் மீதுள்ள உரிமை அனைத்தையும் துறப்பதாகவும், இனி அவனைக் காணவோ உரிமை கோரவோ முயல்வதில்லை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அப்போது அவருக்கு வயது 22. கையில் காசில்லை, திரும்பிச் செல்ல வீடில்லை. சகோதரிகளே, வேறு வழியே இல்லாதவளிடம் வாங்கும் கையொப்பத்துக்குச் சம்மதம் என்று பெயர் சூட்டலாமா?

அதே ஆண்டு டிசம்பரில், மூன்றரை வயது ஆன்டனியை ஒரு மோட்டார் வண்டி ஏற்றிச் சென்றது. மாடிச் சன்னல் வழியே அதைக் கண்ட தாய் கதறினார். அவன் போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்கா. அங்கே அவன் பெயர் மைக்கேல் ஹெஸ் என்று மாற்றப்பட்டது.

இருவர் தேடினர், ஒரே கதவு அடைந்து கிடந்தது

ஃபிலோமினா இங்கிலாந்துக்குச் சென்றார், மனநோய் மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிந்தார், மணம் முடித்தார், வேறு மக்களையும் பெற்றார். ஆயினும் முதல் மகனைப் பற்றி ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் அவர்களிடம் வாய் திறக்கவில்லை. நடந்ததை வெளியே சொன்னால் அது பெரும் பாவமாகும் என்ற அச்சம் அவருள் ஆழப் பதிந்திருந்தது. வாய்தான் மூடியிருந்தது, மனம் தேடிக்கொண்டே இருந்தது. பலமுறை அந்த மடத்துக்குச் சென்று மகனைப் பற்றி விசாரித்தார். விடை கிடைக்கவில்லை.

கடலுக்கு அப்பால் மகன் வளர்ந்தார், வழக்கறிஞரானார், அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்குத் தலைமைச் சட்ட ஆலோசகராக உயர்ந்தார். பெற்றவள் தன்னைக் கைவிட்டுவிட்டாள் என்றே அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் அவர் தாயைத் தேடினார். 1977-இலும், எய்ட்ஸ் நோயால் உடல் நலிந்திருந்த 1993-இலும் அதே மடத்தின் கதவைத் தட்டினார். அவருக்கும் விடை கிடைக்கவில்லை.

எண்ணிப் பாருங்கள்! தாய் வந்து கேட்ட இடத்தில்தான் மகனும் வந்து கேட்டார். அங்கே இருந்தவர்கள் ஒரு முகவரியைக் கொடுத்திருந்தால் போதும், தாயும் மகனும் சேர்ந்திருப்பார்கள். அந்த ஒரு சொல் சொல்லப்படவே இல்லை.

1995 ஆகஸ்ட் 15 அன்று மைக்கேல் ஹெஸ் 43 வயதில் காலமானார். தாம் பிறந்த அந்த மடத்து வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். தாய் என்றேனும் தேடி வந்தால் இங்காவது தன்னைக் கண்டுகொள்ளட்டும் என்று அவர் எண்ணினார். பிறந்த நாளும் பிறந்த இடமும் கல்லில் பொறிக்கப்பட்டன.

2003-ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஃபிலோமினா தம் மகளிடம் உண்மையைச் சொன்னார். மகள் தேடத் தொடங்கினார். மறு ஆண்டிலேயே அந்தக் கல்லறை கிடைத்தது. மகன் கிடைக்கவில்லை.

இவ்வரலாற்றை மார்ட்டின் சிக்ஸ்மித் என்னும் பத்திரிகையாளர் 2009-இல் நூலாக எழுதினார். 2013-இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. ஐம்பதாண்டு மௌனம் காத்த மூதாட்டி, அதன்பின் தம்மைப் போன்ற தாய்மாருக்காக ஊரறியப் பேசலானார். தமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னித்துவிட்டதாகவும் கூறினார்.

ஒரு தாயின் கதை மட்டும் அன்று

அயர்லாந்து அரசு 2015-இல் இத்தகைய இல்லங்களை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. 2021 ஜனவரியில் வெளியான அதன் அறிக்கை, ஆராயப்பட்ட 18 இல்லங்களில் மட்டும் 1922 முதல் 1998 வரை சுமார் 56,000 தாய்மாரும் 57,000 குழந்தைகளும் இருந்ததாகக் கணக்கிட்டது. அவர்களுள் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்துபோயின. 1,638 குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சென்றது அமெரிக்காவுக்கே. அறிக்கை வெளியான மறுநாள் நாட்டின் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

ஆயினும் பிள்ளைகள் கட்டாயமாகப் பறிக்கப்பட்டதற்குச் சான்று குறைவு என்றே அவ்வறிக்கை எழுதியது. தாய்மாருக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அது கட்டாயம் ஆகாது என்றும் வாதிட்டது. தாய்மார் கொதித்தெழுந்தனர். வழக்குத் தொடுத்தவர்களுள் ஃபிலோமினாவும் ஒருவர். அறிக்கையின் முன்வரைவை அவர்களுக்குக் காட்டிக் கருத்துக் கேளாதது அவர்களது உரிமையை மீறிய செயல் என அவ்வாண்டு டிசம்பரில் உயர்நீதிமன்றம் அறிவித்தது. 2022-இல் இயற்றப்பட்ட சட்டம், தத்துக் கொடுக்கப்பட்டோர் தம் பிறப்புச் சான்றையும் பிறப்பு விவரங்களையும் பெறும் உரிமையை வழங்கியது. மைக்கேல் இறந்து 27 ஆண்டுகளுக்குப் பிறகு!

நம் மார்க்கம் காட்டும் வழி

இதைப் படித்துவிட்டு மற்றொரு சமயத்தாரை நோக்கி விரல் நீட்டுவது நம் நோக்கமன்று. ஃபிலோமினாவும் அதே சமயத்தைச் சேர்ந்தவரே. குடும்ப மானத்தின் பேரால் ஒரு பெண்ணை மறைப்பதும், அவள் பெற்ற பிள்ளையை இரவோடிரவாக எவர் கையிலோ ஒப்படைப்பதும் எந்தச் சமுதாயத்திலும் நடக்கக்கூடியவையே. நம் வீட்டுக் கதவுகளுக்குப் பின்னால் அவை நடப்பதில்லை என்று சத்தியம் செய்ய நம்மில் எத்தனை பேரால் முடியும்?

ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவு கூருங்கள். சிறு வயதில் கடத்தப்பட்டு, உக்காள் சந்தையில் அடிமையாக விற்கப்பட்டவர். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வழியாக அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து சேர்ந்தவர். மகனைத் தேடி அலைந்த தந்தை ஹாரிஸா, மீட்புப் பணத்துடன் மக்கா வந்தார். அண்ணலார் மகனை மறைக்கவில்லை. தந்தைக்கு எதிரிலேயே அழைத்து, யாருடன் இருப்பது என்று முடிவு செய்யும் உரிமையை ஸைதிடமே விட்டார்கள். ஸைத் அண்ணலாரையே தேர்ந்தெடுத்தார். முஹம்மதின் மகன் ஸைத் என்றே மக்கள் அவரை அழைத்தனர். பின்னர் வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தில் கட்டளை வந்தது. அவர் மீண்டும் ஸைத் பின் ஹாரிஸா ஆனார். அண்ணலாரின் அன்பு அதனால் அணுவளவும் குறையவில்லை.

இதன் பொருள் என்ன? அநாதையை அணைத்து வளர்ப்பது பெரும் நன்மை. ஆனால் அதன் வேரை அறுக்கும் உரிமை வளர்ப்பவருக்கு இல்லை. பெற்றோரின் பெயர் அக்குழந்தையின் சொத்து; அதை அறிந்தவரிடம் அது ஓர் அமானிதம்.

நாம் செய்ய வேண்டுவது

வளர்க்க இயலாத நிலையில் ஒரு தாய் பிள்ளையை ஒப்படைக்க நேர்ந்தால், நம் நாட்டுச் சட்டத்தில் அதற்கு நேரிய வழி உண்டு. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக் குழுவின் முன்னிலையில்தான் குழந்தையை ஒப்படைக்க வேண்டும். அதன்பின் மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத அவகாசமும் உண்டு. அதற்குள் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பப் பெறலாம். ஃபிலோமினாவுக்கு எவரும் தராத அவகாசம் இது. இடைத்தரகரையோ, தெரிந்த மருத்துவமனை ஊழியரையோ நம்பி இரகசியமாகப் பிள்ளையைக் கைமாற்றினால் இந்தக் காப்பு எதுவும் கிடைக்காது.

பிறர் பெற்ற குழந்தையை வளர்த்து வருகிறீர்களா? உங்களுக்கு இறையருள் உண்டாகட்டும்! அக்குழந்தையின் பூர்வீகத்தைக் குறித்த தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். விவரம் புரியும் வயதில் அன்போடு உண்மையைச் சொல்லுங்கள். பெற்றவள் கைவிட்டாள் என்று, அறியாத ஒன்றை அதன் மனத்தில் விதைக்காதீர்கள்.

உங்கள் வீட்டுப் பெண் தவறி நின்றால், கண்டிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கதவை அடைக்காதீர்கள். திரும்பி வர ஒரு வீடு இருந்திருந்தால் அந்த 22 வயதுப் பெண் அந்தத் தாளில் கையொப்பம் இட்டிருக்க மாட்டாள்.

பிரிந்த தாய்மாரின் கண்களை அவர்களது பிள்ளைகள் உயிரோடிருக்கும்போதே இறைவன் குளிரச் செய்வானாக! ஆமீன்.