இயந்திரமும் இரசனையும்



ஹட்டன் நகரையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் அறிந்த முதியோருக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் லயத்து இளைஞர்கள் ஒன்றுகூடி, மலைப்பாதை வழியே நகருக்கு இறங்குவர். அங்கே எந்தப் படம் ஓடுகிறதோ அதுவே அவர்கள் பார்க்கும் படம். தேர்ந்தெடுக்கும் சிரமம் அவர்களுக்கு இருந்ததில்லை.

இன்று நிலைமை வேறு. நெட்பிளிக்ஸ் சேவை 2016 ஜனவரியில் இலங்கைக்கு வந்தது. யூடியூப் அதற்கு முன்னரே வந்துவிட்டது. கைத்தொலைபேசியைத் திறந்தால் ஆயிரக்கணக்கான படங்கள் காத்திருக்கின்றன. எதைப் பார்ப்பது என்று நாம் திகைக்கும்போது, "இது உங்களுக்குப் பிடிக்கும்" என்று சிலவற்றைத் திரையே எடுத்து நீட்டுகிறது. இவ்வாறு நமக்காகத் தேர்ந்து தருவது யார்? அத்தேர்வு செம்மையானதா? செம்மையன்றெனின் அதனைத் திருத்துவது எங்ஙனம்?

நேயர் விருப்பை அறிந்து நிகழ்ச்சி அமைப்பது நமக்குப் புதிதன்று. இலங்கை வானொலியில் 1952-ஆம் ஆண்டு தொடங்கி, அமீன் சயானி வழங்கிய 'பினாக்கா கீத்மாலா' என்னும் ஹிந்திப் பாடல் நிகழ்ச்சியில், இசைத்தட்டு விற்பனையையும் நேயர்களின் விருப்பத்தையும் கொண்டு பாடல்கள் வரிசைப்படுத்தப்பட்டன. பலர் விரும்பியதை எல்லோருக்கும் அளிப்பது இம்முறை. இதிலே நன்மை உண்டு. ஆயினும் ஊர் விரும்பும் பாடலையே நானும் விரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே!

ஆதலால் இயந்திரம் வேறு இரு வழிகளையும் கையாளுகிறது. அவற்றை ஒரு பாடசாலை நூலகத்தைக் கொண்டு விளக்கலாம். இரவற் பதிவேட்டைப் புரட்டும் ஆசிரியர், இரு மாணவியர் ஒரே மூன்று நூல்களை எடுத்திருப்பதைக் காண்கிறார். ஒருத்தி நான்காவதாக ஒரு நூலை எடுத்து விரும்பிப் படித்திருக்கிறாள். மற்றவளுக்கும் அது பிடிக்கக்கூடும் என்று அவர் ஊகிக்கிறார். இது ஒத்த இரசனையுடையோரைக் கொண்டு தேர்வது. இனி, கடற்பயணக் கதையை விரும்பியவனுக்கு இன்னொரு கடற்பயணக் கதையை எடுத்துக் கொடுப்பது, பொருளின் இயல்பைக் கொண்டு தேர்வது. ஆசிரியர் சில நூறு பெயர்களை வைத்துச் செய்வதை, இயந்திரம் கோடிக்கணக்கானோரை வைத்துச் செய்கிறது.

இக்கணக்கைத் திருத்துவதற்கென ஒரு பெரும் போட்டி நடந்தது. 2006 அக்டோபரில் நெட்பிளிக்ஸ் நிறுவனம், தனது கணிப்பு முறையை விட 10 சதவீதம் துல்லியமான முறையைக் கண்டு தருவோருக்கு 10 இலட்சம் அமெரிக்க டொலர் பரிசளிப்பதாக அறிவித்தது. ஏறக்குறைய 4,80,000 பேர் 17,770 படங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை இட்ட 10 கோடிக்கு மேற்பட்ட நட்சத்திர மதிப்பெண்கள், பெயர் நீக்கப்பட்டுப் போட்டியாளருக்கு வழங்கப்பட்டன. ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் இடுவார் என்று முன்கூட்டிச் சொல்வதே பணி. மூன்றாண்டு முயற்சியின் பின், 2009-இல் ஒரு குழு 10.06 சதவீத முன்னேற்றங் கண்டு பரிசைப் பெற்றது. தனியொரு முறையால் அவர்கள் வெல்லவில்லை; பல குழுக்கள் இணைந்து, பல முறைகளின் விடைகளைக் கலந்தே வென்றனர்.

ஆயினும் வென்ற அம்முறை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. கிடைத்த துல்லியம், அதை அமைப்பதற்கான உழைப்புக்கு ஈடாகாது என்று நிறுவனம் கருதியது. மேலும், மனிதர் உயர்ந்த படமென்று கருதுவதற்கு ஐந்து நட்சத்திரம் இடுவர். களைத்த மாலையில் அவர்கள் பார்ப்பதோ ஒரு நகைச்சுவைப் படமாயிருக்கும். 2017-இல் நட்சத்திரங்களை நீக்கி, விருப்பு வெறுப்பைக் காட்டும் பெருவிரற் குறிகளை நெட்பிளிக்ஸ் அமைத்தது.

அப்போட்டி ஓர் எச்சரிக்கையையும் தந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற அர்விந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும், பெயர் நீக்கிய அப்பதிவுகளிலிருந்தும் சிலரை இன்னாரென்று கண்டறியக்கூடும் என 2008-இல் காட்டினர். அந்தரங்கத்தைப் பற்றிய கவலை வலுத்ததால், இரண்டாவது போட்டி 2010-இல் கைவிடப்பட்டது.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். ஒரு லயத்து வீட்டை எண்ணிப் பாருங்கள். அங்கே ஐவருக்கு ஒரு கைத்தொலைபேசி. பாட்டி பக்திப் படத்தை விரும்புகிறார். மகன் இரவெல்லாம் சண்டைப் படம் பார்க்கிறான். சின்னவள் விஞ்ஞானப் பாடத்துக்கு ஒரு விளக்கப்படம் தேடுகிறாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்து, சமையலையும் முடித்து அமரும் தாய்க்குக் கிடைப்பது அரைமணி நேரம். இயந்திரமோ இவர்கள் எல்லோரையும் ஒரே ஆளாகக் கணக்கிடுகிறது. எவர் கையில் தொலைபேசி அதிக நேரம் இருக்கிறதோ, அவர் விருப்பமே வீட்டின் விருப்பமாகிறது. தாய் திரையைத் திறந்தால் சண்டைப் படங்களே வரிசையாக நிற்கின்றன. தமக்கு எது பிடிக்கும் என்பதை அவரிடம் கேட்டவர் எவருமில்லை.

சிறிய படங்களின் கதியும் இதுவே. ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைக் காட்டி, லெனின் பாரதியின் இயக்கத்தில் 2018-இல் வெளிவந்தது 'மேற்குத் தொடர்ச்சி மலை'. அத்தகைய படத்தைச் சிலரே பார்த்தால், இயந்திரத்துக்குச் சான்று குறைவு. சான்று குறைந்தால் அது பிறருக்கு நீட்டப்படுவதில்லை. நீட்டப்படாததால் பார்ப்போர் பெருகுவதில்லை. வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' (1975) போன்ற நம் நாட்டுப் படங்களோ, களஞ்சியத்திலே முதலிற் சேர்க்கப்பட்டாலன்றி, எத்துணை நுண்ணிய கணக்கும் அவற்றை நம்முன் கொணராது.

ஆகவே சேவைகளை நடத்துவோர் செய்ய வேண்டியவை சில. பார்த்த மணிநேரத்தை மட்டும் எண்ணாது, பார்த்தவர் நிறைவடைந்தாரா என்று கேட்க வேண்டும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லோடு நில்லாது, படத்தின் களம், பொருள், பேச்சு வழக்கு ஆகியவற்றையும் குறித்து வைக்க வேண்டும். வரிசையில் ஓரிடத்தை அறியப்படாத படங்களுக்கென ஒதுக்க வேண்டும். எதனால் இப்படத்தைத் தருகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. நெட்பிளிக்ஸில் ஒரே சந்தாவில் ஐந்து பேர் வரை தனித்தனிப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். பாட்டிக்கொன்று, தாய்க்கொன்று, பிள்ளைகளுக்கொன்று எனப் பிரித்து வையுங்கள். பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் தவறாது குறியிடுங்கள். தானாக ஓடத் தொடங்கும் அடுத்த படத்தை நிறுத்தி வையுங்கள். வாரத்தில் ஒருமுறையேனும் இயந்திரம் நீட்டாத ஒரு படத்தின் பெயரை நீங்களே எழுதித் தேடுங்கள். அப்பெயரை அயலவரிடமோ ஆசிரியரிடமோ கேட்டறியலாம்.

இவை யாவும் சிறு செயல்கள். எனினும் இயந்திரம் நம்மைப் பற்றி அறிவது இத்தகைய சிறு செயல்களாலேயே. இன்றிரவு தொலைபேசியைக் கையில் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் அம்மாவிடம் கேளுங்கள்: "அம்மா, உங்களுக்கு என்ன படம் பார்க்க வேண்டும்?"