கிணறும் கினிப்புல்லும் ஒரே மணலில்

வட்டையில் நெல்லுக்கு அடித்த களைநாசினியில் அரைப் போத்தல் மிஞ்சினால் அது வீட்டுக்கு வருகிறது. வந்ததும், ‘வளவுப் புல்லுக்கு ஆகும்’ என்று ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கப்படுகிறது. நிந்தவூரிலும் பக்கத்து ஊர்களிலும் இந்தப் பழக்கத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். மாமர நிழலிலும் கிணற்றடியிலும் ஆளுயரத்துக்கு நிற்கும் புல்லின் மேல் வரும் கோபம் நியாயமானது. ஆனால் அந்த அரைப் போத்தல் அதற்கு மருந்தல்ல.

வயலில் பலரும் அடிக்கும் எம்.சி.பி.ஏ.யை எடுத்துக்கொள்ளுங்கள். அது அகன்ற இலைக் களைகளையும் கோரை வகைகளையும் தாக்கும், புல்லை விட்டுவிடும். நெற்பயிரே புல்லினம் என்பதால்தான் அதை நெல்லுக்குள் அடிக்க முடிகிறது. அதே மருந்தை வளவில் விசிறினால் பப்பாசி சுருளும், கொச்சிக்காய்க் கன்று வாடும், முருங்கை இலை கொட்டும். புல் அப்படியே நிற்கும்.

முதலில் புல்லை அடையாளம் காணுங்கள். இலுக்கும் கோரையும் வெயிலை விரும்புபவை. மரநிழல் அடர்ந்தால் தாமாகவே மெலியும். நிழலிலும் செழித்து நிற்பது பெரும்பாலும் கினிப்புல். ஆபிரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் தீவனத்துக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. தென்னைக்குக் கீழேயும் வளரும் என்ற அதே குணத்துக்காகத்தான் அன்று அதை விரும்பினார்கள். இன்று அது நாட்டின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது. கொத்தாக முளைக்கும், விதை உதிர்த்துப் பரவும். முட்டைக்கலம் கருக்கட்டாமலே பெரும்பாலும் விதை கட்டும். ஒரே ஒரு தூர் பூத்து உதிர்ந்தாலும் அடுத்த மழைக்கு வளவு நிறைந்துவிடும்.

இதற்கு மேல் நமது ஊருக்கென்று ஒரு விடயம் இருக்கிறது. நாம் குடியிருப்பது கடலோர மணல். மழைநீர் அந்த மணலுக்குள் இறங்கி, உப்பு நீருக்கு மேல் மெல்லிய படையாகத் தங்குவதுதான் நமது கிணற்று நன்னீர். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது இக்கரையோரக் கிணறுகள் உப்பாகிப் போனதையும், இறைத்து இறைத்துப் பார்த்தும் பல மழைகளுக்குப் பிறகே தெளிந்ததையும் நம் உம்மாமார் மறக்கவில்லை. மேலே ஊற்றுவது கீழே இறங்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. களியைப் போல எதையும் பிடித்து வைக்கும் வலு மணலுக்கு இல்லை. பத்துப் பேர்ச் வளவில் எந்த மூலையில் நின்று மருந்தடித்தாலும் அது கிணற்றடிதான். புல்லைக் கருக்கவென்று உப்புக் கொட்டுவது, கழிவு எண்ணெய் ஊற்றுவது எல்லாம் இதே கணக்கில்தான் வரும். தீ வைத்தாலோ அது காய்ந்த கினிப்புல்லில் கிடுகு வேலி வரை ஓடும்.

கையால் பிடுங்க மணல் நமக்குத் துணை. முதல் மழை விழுந்து மண் நனைந்ததும், பூக்கதிர் வருவதற்கு முன், மேற்புல்லை அரிந்துவிடுங்கள். கை வைக்குமுன் நீண்ட கம்பால் தட்டுங்கள். அடர்ந்த தூருக்குள் கண்ணாடி விரியன் படுத்திருக்கலாம். மூடிய சப்பாத்தும் கையுறையும் அவசியம், இலை விளிம்பு தோலை அறுக்கும். பிறகு தூரைச் சுற்றி மண்வெட்டியால் கொத்தி, வேர்க்கட்டியோடு நெம்பித் தூக்குங்கள். இலையை மட்டும் வெட்டிவிட்டால் தூர் மீண்டும் தளிர்க்கும். வேலை முழுக்க அந்தக் கட்டியில்தான் இருக்கிறது. மணலை உதறி, வேர் மேலே பார்க்கச் சீமெந்துத் தரையிலோ வேலியிலோ காயப் போடுங்கள். நிலத்தில் விட்டால் மீண்டும் பிடித்துக்கொள்ளும். பூக்காத புல்லை ஆட்டுக்கு, மாட்டுக்குக் கொடுக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கடா வளர்ப்பவர்கள் கேட்டு வந்து வாங்கிப் போவார்கள். மருந்தடித்த புல்லை மட்டும் எந்த உயிருக்கும் கொடுக்காதீர்கள்.

தோண்டிய இடத்தை அன்றே மூடுங்கள். காட்போட் மட்டையை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, மேலே தென்னோலையும் பொச்சும் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள். வெளிச்சம் போகாவிட்டால் விழுந்த விதை எழும்பாது. எழும்பும் ஒன்றிரண்டை விரலால் பிடுங்கலாம். சில மாதம் கழித்து எருப் போட்டு மஞ்சளோ இஞ்சியோ சேம்போ நடுங்கள். அரை நிழல் அவற்றுக்குப் பிடிக்கும். 2020இல் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டு மஞ்சள் என்ன விலை விற்றது என்பது நினைவிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் களைநாசினிதான் வேண்டும் என்பவர்கள் தங்கள் உரிமையையாவது தெரிந்து வாங்குங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட மருந்தை, உரிமம் பெற்ற கடையில், சுட்டி ஒட்டிய மூல உறையில்தான் விற்கலாம். சோடாப் போத்தலில் ஊற்றித் தருவதை மறுத்துவிடுங்கள். சுட்டியைத் தமிழில் வாசித்து, எந்தக் களைக்கு, எவ்வளவு என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பரகுவாட் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஒரு மிடறே உயிரைக் குடிக்கும், மாற்று மருந்தும் கிடையாது. கிளைபொசேட் 2015இல் தடையாகி, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டு, 2022 ஆகஸ்டில் தடை நீங்கியது. தடை நீங்கியதால் அது கிணற்றடிக்கு ஏற்றதாகிவிடவில்லை. சந்தேகம் இருந்தால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள்.

வீட்டில் மிச்சமாகக் கிடக்கும் அந்தப் போத்தல்தான் எனக்கு அதிகம் பயம். பிள்ளை அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் பருக்காதீர்கள். தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம். போத்தலையும் கையோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியர் முடிவெடுக்க முடியும். கொழும்பிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்தின் இலக்கம் 011 2686143.

நம் வளவைத் துப்புரவாக்கினாலும், உரிமையாளர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்க, பூட்டிக் கிடக்கும் பக்கத்து வளவிலிருந்து விதை வந்துகொண்டே இருக்கும். வேலிக்கு மேலால் மருந்தடிக்க உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் பக்கம் அவர் அடித்துப் பயிர் கருகினாலும் அது அவரது பொறுப்பு. முதலில் வட்ஸ்அப்பில் ஒரு ஸலாம் சொல்லிப் படத்தை அனுப்புங்கள், பலர் கூலி அனுப்பி வெட்டச் சொல்வார்கள். நடக்காவிட்டால் சட்டம் இருக்கிறது. பிறருடைய சுகத்துக்குக் கேடாகும்படி வளவைப் புதராக விடுவது 1862ஆம் ஆண்டின் தொல்லைகள் கட்டளைச் சட்டத்திலேயே குற்றம். நுளம்பு பெருகும் இடமாக வளவை விடுவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்துக்கு மாறு. பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்தில் முறையிட்டு, பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பயிர் நட்டம் போன்ற பிணக்கை இணக்க சபைக்குக் கொண்டுபோகலாம், சட்டத்தரணி தேவையில்லை. பொதுத் தொல்லையை அகற்றும்படி கட்டளையிட நீதவானுக்கும் அதிகாரம் உண்டு.

கடிதத்தைப் புல் பச்சையாக இருக்கும்போதே கொடுங்கள். கதிர் வெளிவந்த பிறகு கொடுத்தால், பதில் வருமுன் விதை வேலி தாண்டிவிடும்.