தளம் தட்டிய காலமும் ஏ.சி. மாட்டிய காலமும்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். பழைய ஃபிளாட்டில் கடைசி மாடி என்றால் வாடகை கொஞ்சம் குறையும். "நல்லா காத்து வரும் சார்" என்பார் வீட்டுக்காரர். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஏப்ரல் மாதம் இரவு ஒன்பது மணிக்கு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் அது என்ன மாதிரிக் காற்று என்று தெரிந்துவிடும். குழாயைத் திறந்தால் மொட்டை மாடி டேங்கிலிருந்து வருகிற தண்ணீரில் அப்படியே டிகாக்‌ஷன் போடலாம். பரணில் இருக்கும் பெட்டியை எடுக்க ஸ்டூல் மேல் ஏறினால், தலை மட்டும் தனியாக ஒரு அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு வீட்டில் பதினோரு வருடம் குடியிருந்தேன். அதற்கு முன், சின்ன வயதில், மயிலாப்பூரில் தாத்தா வீடு. அதுவும் மாடி வீடுதான். கோடை விடுமுறை முழுக்க அங்கே மத்தியானம் இரண்டு மணிக்குத் தரையில் துண்டை விரித்துத் தூங்கியிருக்கிறோம். அந்த வீட்டுக்கு மேலேயும் இதே வெயில்தான் அடித்தது.

தாத்தா வீட்டுக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். கொத்தனார்கள் கட்டைக்குத்து ஒட்டு என்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம். அதன் மேல் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரே அங்குலத் தடிமன் கொண்ட சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக, மூலைவாட்டில் வரிசை கட்டிச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுக் கொடுக்காமல் அந்தரத்தில் கல் ஒட்டும் வித்தை அது. ஒட்டு இறுகிய பிறகு, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டிப் பரப்புவார்கள். அதன் பிறகுதான் தளம் தட்டுகிற வேலை.

சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கையில் தட்டையான மரக்கட்டையுடன், அடித்துக்கொண்டே பின்னால் நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை நடுநடுவே தெளிப்பார்கள். ஒருத்தி பாட்டை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் தாளத்துக்கு அடிப்பார்கள். ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல அது. கட்டையை ஓங்கி அடித்தால் குழி விழாமல் எகிற வேண்டும், அதுவரை விட மாட்டார்கள். கடைசியில் மேலே தட்டோடு. எல்லாம் சேர்ந்து கூரை ஏழெட்டு அங்குலம் வந்துவிடும். அதற்குக் கீழே பன்னிரண்டு அடி உயரத்தில் அறை, சுவரின் உச்சியில் சூடான காற்று வெளியேற வென்டிலேட்டர்.

அந்தக் காலமே சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. உத்தரத்தைக் கறையான் அரித்தால் தெரியவே தெரியாது. ஒரு நாள் கல் ஒன்று கட்டிலில் விழும். தாத்தா வீட்டில் விழுந்தது. தேக்கு விலை ஏறியது, சுண்ணாம்பு அரைக்கிற செக்கும் மாடும் ஊரை விட்டுப் போயின. நான்கு மாடி அடுக்கு வீட்டை உத்தரம் வைத்துக் கட்டவும் முடியாது. கான்கிரீட் வந்தது நியாயம்தான்.

ஆனால் கான்கிரீட்டுக்கு வந்தவர்களும் வெயிலை மறந்துவிடவில்லை. அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் எழுந்த காலத்தில், ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தின் மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் நீர்த்த சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன் மேல் தட்டோடு பதிப்பது வழக்கமாக இருந்தது. வெதரிங் கோர்ஸ் என்று அதற்குப் பெயர். மெட்ராஸ் டெரஸின் மேல் பாதியைப் பெயர்த்துக் கான்கிரீட் மேல் வைத்த ஏற்பாடு என்று சொல்லலாம். மழைத் தண்ணீர் வழிய வாட்டம் கொடுப்பதும் அதுதான், வெயிலைக் கொஞ்சம் தாங்குவதும் அதுதான்.

பிறகு அவசரம் வந்தது. சுண்ணாம்பை நீர்க்க வைத்து, நாட்கணக்கில் தட்டி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள எந்த பில்டருக்கும் பொறுமை இல்லை. ஜல்லியில் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் விழுந்தது. மூன்று அங்குலம் இரண்டானது. சில கட்டிடங்களில் ஓடு மட்டும் மிஞ்சியது. சிமெண்ட் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும், ஒழுகும். ஒழுகினால் ஒரு காண்டிராக்டர் வருவார். எங்கள் கட்டிடத்திலும் வந்தார். பழைய தட்டோடு, ஜல்லி எல்லாவற்றையும் உடைத்துக் கீழே இறக்கிவிட்டு, வெறும் கான்கிரீட்டின் மேல் கறுப்பாக ஒரு கெமிக்கலைப் பூசி, பத்து வருட கியாரண்டி என்று ஒரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். ஒழுகல் நின்றது. அந்த வருடக் கோடையில் எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவர் இரவு பதினோரு மணிக்கும் சுட்டது. வெயிலுக்கும் எங்களுக்கும் நடுவே மிச்சமிருந்த கொஞ்சத்தையும் எடுத்துவிட்டு, மேலே கறுப்பும் அடித்தால் வேறு என்ன ஆகும்!

அசோசியேஷன் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தரைத்தளத்து மாமா ஒருவர், கெட்டவர் இல்லை, பொறுமையாகவே சொன்னார்: "ஒழுகுதுன்னா சொல்லுங்க சார், செஞ்சிடலாம். வெக்கைக்கெல்லாம் அசோசியேஷன் என்ன சார் பண்ணும்? ஒரு ஏ.சி. போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரரும் போட்டார். பழைய அடுக்கு வீடுகளில் எழுதப்படாத சட்டம் இதுதான்: மழை பொதுச் செலவு, வெயில் சொந்தச் செலவு. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்று பத்திரத்தில் இருக்கும். வடாம் காயப்போடும் உரிமையும் டிஷ் ஆன்டெனா வைக்கும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு. அதன் வழியே இறங்குகிற சூடு மட்டும் கடைசி மாடிக்காரன் தலையெழுத்து.

இந்தச் சட்டம் தப்பு என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். அவர் நியாயம் பேசவில்லை, கணக்கு போட்டார். கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்குத் தன் நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்கு நீளும். இருபது மீட்டர் நீளமுள்ள தளம், விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் நடுவே முப்பது டிகிரி சூடேறினால், ஆறு மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். இரவில் சுருங்கும். தினமும் இப்படி இழுபட்டால், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேருகிற மூலையில் முதலில் மயிரிழை விரிசல் விழும். மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். "உங்க கட்டடத்துல ஒழுகறதுக்கு மழையைத் திட்டாதீங்க. வெயிலைத் திட்டுங்க" என்றார்.

அடுத்த கூட்டத்தில் நான் வெக்கையைப் பற்றிப் பேசவே இல்லை. ஆறு மில்லிமீட்டரைப் பற்றி மட்டும் பேசினேன். மாடியைச் சரிசெய்யத் தீர்மானம் நிறைவேறியது.

அந்த இன்ஜினியரிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வெறும் ஆறு அங்குலக் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால், அதன் மேல் பழைய மூன்றங்குலச் சுண்ணாம்புத் தளம் இருந்தால் கால் பங்கு வெப்பம் குறையும். அவ்வளவுதான். தாத்தா வீட்டுக் குளிர்ச்சியில் பாதிப் பெருமை அறையின் உயரத்துக்கும் வென்டிலேட்டருக்கும் போக வேண்டும். ஆனால் இன்று கிடைக்கிற எக்ஸ்.பி.எஸ். அட்டை, தெர்மோகோலுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு அங்குலம் போட்டால் இறங்குகிற வெப்பம் ஆறில் ஒரு பங்காகிவிடும். எடையும் கிடையாது. பழைய சுண்ணாம்புத் தளம் சதுர அடிக்குச் சுமார் 13 கிலோ. இரண்டாயிரம் சதுர அடி மாடிக்கு 26 டன். உடைத்து எடுக்கச் சோம்பல்பட்டு, பழைய தளத்தின் மேலேயே இன்னொரு தளம் போட்ட கட்டிடங்கள் ஊரில் நிறைய உண்டு. துருப்பிடித்த கம்பி அவ்வளவையும் சுமந்துகொண்டு நிற்கிறது. கையில் இருக்கும் பொருள் தாத்தா காலத்தைவிட எவ்வளவோ மேல். தலைக்கு மேல் இருக்கும் கூரை அவர் காலத்தைவிட மோசம். எனக்கு இதுதான் ஆச்சரியம்.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒன்றிய மின் அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டிட விதி, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் கூரை 1.2 வாட்டுக்கு மேல் வெப்பத்தை விடக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் கூரை ஏறக்குறைய அதில் மூன்று மடங்கு விடும். ஆனால் விதி புதுக் கட்டிடங்களுக்குத்தான். ஆமதாபாத் 2017-இல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடித்தது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு 2024 அக்டோபரில் அறிவித்தது. சென்னை 45 டிகிரியைத் தொட்ட 2003 மே 31-ஆம் தேதியை நினைவு வைத்திருப்பவர்களுக்கு அந்த வார்த்தை மிகையாகத் தெரியாது.

எங்கள் மாடியில் செய்தது இது. முதலில் தேய்ந்த பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்தார்கள். விரிசல்களை அடைத்து, மூலைகளை வளைத்துப் பூசி, தண்ணீர் இறங்காத பூச்சு இரண்டு கோட். பிறகு வடிகுழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டார்கள். நானும் தரைத்தளத்து மாமாவும் டார்ச் அடித்து எங்கள் வீட்டு சீலிங்கை மூலை மூலையாகப் பார்த்தோம். ஈரம் இல்லை. அதற்குப் பிறகுதான் அட்டை, அதன் மேல் கம்பி வலை வைத்து வாட்டம் கொடுத்த கான்கிரீட், கடைசியாக வெள்ளைக் கூலிங் டைல்ஸ். அட்டையை உள்ளே ஃபால்ஸ் சீலிங்கில் வைக்கலாமே என்று கேட்டேன். வைக்கலாம், உங்களுக்குச் சூடு குறையும். ஆனால் தளம் வெயிலில் காய்ந்துகொண்டேதான் இருக்கும், நீண்டு சுருங்கிக்கொண்டேதான் இருக்கும் என்றார் இன்ஜினியர்.

வீடு ஊட்டி ஆகிவிடவில்லை. ஏ.சி. இன்னும் ஓடுகிறது, முன்பு எட்டு மணிக்குப் போட்டதை இப்போது படுக்கும்போது போடுகிறோம், விடிவதற்குள் நிறுத்திவிடுகிறோம். வெள்ளை டைல்ஸ் மத்தியானத்தில் கண்ணைக் கூச வைக்கும், மழையில் வழுக்கும். சென்னைத் தூசியில் ஆறே மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடும், கோடைக்கு முன் யாராவது தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த யாராவது யார் என்பதில் எங்கள் அசோசியேஷன் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் ஏப்ரல் சாயங்காலம் ஆறு மணிக்குத் தரைத்தளத்து மாமா செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு மாடியில் வாக்கிங் போகிறார். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அங்கே வெறுங்காலை வைக்க முடியாது.

இவ்வளவு செலவுக்குப் பணம் இல்லாத கட்டிடங்களும் உண்டு. அவர்கள் வெள்ளைப் பூச்சிலிருந்து தொடங்கலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து அடித்தால்கூட அந்தக் கோடைக்குத் தாங்கும். மழைக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். ஒன்றைச் செய்யாமல் இருந்தாலே பாதி நன்மை: ஒழுகலுக்கு வருகிற ஆள் கறுப்புப் பூச்சைப் பூசி, அப்படியே வெயிலில் விட்டுப் போக விடாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தளம் காய்ந்திருக்கும் ஜனவரியும் பிப்ரவரியும் இந்த வேலைக்கு வாகான மாதங்கள். உங்கள் கட்டிட நோட்டீஸ் போர்டில் 'மாடி ஒழுகல் சம்பந்தமாக' என்று கூட்ட அறிவிப்பு ஒட்டும்போது, அதே வரியில் 'வெக்கை' என்றும் ஒரு வார்த்தை சேர்த்து எழுதிவிடுங்கள்.